எட்டு ஜோடி உழவாரன்கள்

1778 மே 13 தேதியிட்ட கடிதம் ஒன்றில் கில்பர்ட் வைட் என்ற ஆங்கிலேய உதவிக் குரு தன் ஊருக்கு ஆண்டுதோறும் வந்துபோகும் உழவாரன் பறவைகளின் கணக்கைச் சொல்கிறார். எட்டு ஜோடி. பல ஆண்டுகளாக எண்ணிப் பார்த்தும் அந்தக் கணக்கு மாறவில்லை. ஏறக்குறையப் பாதி தேவாலயத்தில் தங்குகின்றன. மீதி, ஊரிலேயே மிகத் தாழ்ந்த, மிக ஏழ்மையான கூரைவீடுகளின் இறவாணத்தில் கூடு வைக்கின்றன. ஒவ்வொரு ஜோடியும் ஆண்டுக்கு இரண்டு குஞ்சுகளை வளர்த்து அனுப்புகிறது. அப்படியானால் அடுத்த வசந்தத்தில் பதினாறு ஜோடி அல்லவா வரவேண்டும்? மறுபடியும் எட்டுதான் வருகின்றன. கூடுதலாகப் பிறந்தவை எங்கே போகின்றன?

மக்கள்தொகை பற்றிய மால்தஸின் நூல் வெளிவர அப்போது இன்னும் 20 ஆண்டுகள் இருந்தன. டார்வின் பிறக்க 31 ஆண்டுகள். உயிர்கள் பெருகும் வேகத்துக்கும் உலகில் எஞ்சும் எண்ணிக்கைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பற்றிய கேள்வியை, ஒரு கிராமத்துத் தேவாலயக் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த ஒருவர் கேட்டிருக்கிறார். உலகத்தைச் சுற்றிவந்து எழுப்பிய கேள்வி அல்ல இது. இடம் மிகச் சிறியதாக இருந்ததால்தான் இந்தக் கேள்வியே பிறந்தது என்பது என் எண்ணம். பெருநகரத்தில் உழவாரன்களை யாராலும் எண்ணி முடிக்க முடியாது. வைட்டின் ஊரான செல்போர்னில் முடியும்.

செல்போர்ன், இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் கிழக்கு மூலையில், லண்டனிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. ஒரே நீண்ட தெரு. தெருவின் பின்புறம் செங்குத்தான சுண்ணப்பாறைச் சரிவு ஏறத்தாழ 300 அடி உயர்கிறது. சரிவு முழுக்க பீச் மரங்கள். மலைமுகத்தில் தொங்குவதுபோல நிற்பதால் அந்தக் காட்டுக்கு 'ஹேங்கர்' என்று பெயர். 1753-இல் வைட்டும் அவருடைய தம்பி ஜானும் அதில் வளைந்து வளைந்து ஏறும் பாதை ஒன்றை வெட்டினார்கள். இன்றும் ஊருக்கு வருபவர்கள் அதில்தான் மூச்சுவாங்க ஏறுகிறார்கள்.

இந்த ஊரின் மண்ணை வைட் விவரிக்கும் விதமே ஒரு பாடம். தெருவின் ஒரு பக்கத்து நிலம் ஒட்டும் களி, எதிர்ப்பக்கம் பொடியும் கருமண். சற்றுத் தள்ளிப் போனால் மணல். சில மைல் தூரத்துக்குள் சுண்ணப்பாறை, பசுமணற்கல், களி, மணல் என அடுக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்து முகம் காட்டுகின்றன. மண் மாறும்போது மரம் மாறுகிறது, பூச்சி மாறுகிறது, பறவை மாறுகிறது. இத்தனை வகை உயிர்களை ஒரே மனிதர் நடந்தே பார்க்க முடிந்ததற்கு இந்த நிலவியல்தான் காரணம். அருகிலுள்ள நோர் ஹில் என்ற சுண்ணக்குன்றிலிருந்து இரண்டு ஓடைகள் எதிரெதிர்த் திசையில் கிளம்புகின்றன. ஒன்று அருண் ஆற்றில் சேர்ந்து தெற்கே ஆங்கிலக் கால்வாய்க்குப் போகிறது. மற்றது வே ஆறாகித் தேம்ஸில் கலந்து வடகடலை அடைகிறது. தெருமுனை ஊற்றான வெல்ஹெட் கடும் வறட்சியிலும் வற்றாதது. 1781 செப்டம்பரில், நீண்ட வறட்சிக்குப் பிறகு, வைட் அதை அளந்து பார்த்தார்: நிமிடத்துக்கு ஒன்பது கேலன்.

ஊருக்குள் வரும் பாதைகள் இன்னும் விசித்திரமானவை. வண்டிச் சக்கரங்களும் மழைநீரும் நூற்றாண்டுக் கணக்கில் மென்கல்லைத் தேய்த்துத் தேய்த்து, இருபுறத்து வயல்களைவிட 16, 18 அடி ஆழத்துக்குப் பாதையை இறக்கிவிட்டன. பார்த்தால் சாலை என்று தோன்றாது, ஆற்றுப்படுகை என்றே தோன்றும். மேலே மரவேர்கள் பின்னிக் கிடக்கும். பனிக்காலத்தில் ஊற்றுக்கசிவு உறைந்து விழுதுகளாகத் தொங்கும். அந்த வழியே குதிரையில் வரவும் பலர் அஞ்சினார்களாம். வைட்டுக்கு அந்தப் பள்ளப் பாதைகள் பிடித்திருந்தன, அபூர்வமான பெரணிகள் அங்கே வளர்ந்ததால். வீட்டுச் சுவர்களின் சுண்ணச்சாந்து இணைப்புகளில் துருநிறக் கல் சில்லுகளை ஆணித்தலைபோல் வரிசையாகப் பதிக்கும் வழக்கமும் இந்தப் பகுதிக்கு உரியது. சுவரையே ஆணி அடித்துத்தான் நிறுத்தியிருக்கிறீர்களா என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதை வைட் பதிவு செய்கிறார்.

வைட் 1720 ஜூலை 18 அன்று இதே ஊரின் குருமனையில் பிறந்தார். தாத்தா இங்கே குருவானவர். ஆக்ஸ்ஃபோர்டில் ஓரியல் கல்லூரியில் படித்து அதன் உறுப்பினரானார். ஆனால் பிறந்த ஊரின் குருவானவராக அவரால் ஒருபோதும் ஆக முடியவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் செல்போர்னில் நிறுவப்பட்ட மடம் 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்டு, அதன் சொத்துகளும் குருவானவரை நியமிக்கும் உரிமையும் மாக்டலன் கல்லூரிக்குப் போய்விட்டன. வைட் வேறு கல்லூரிக்காரர். ஆகவே உதவிக் குருவாகவே காலம் கழித்தார். வேறு இடத்தில் நல்ல பதவிக்கு வாய்ப்பு வந்தபோதும் போகவில்லை. 'வேக்ஸ்' என்று பெயர்கொண்ட குடும்ப வீட்டில் திருமணம் செய்துகொள்ளாமல் வாழ்ந்து, 1793 ஜூன் 26 அன்று அங்கேயே இறந்தார்.

1751-இல் தோட்டக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். எந்த விதை எந்த நாளில் ஊன்றப்பட்டது, முலாம்பழப் பாத்திக்கு எத்தனை வண்டி எரு போனது என்பதெல்லாம் அதில் இருக்கும். 1768 முதல், கட்டங்கள் அச்சிட்ட நாட்குறிப்பில் வெப்பம், காற்று, மழை, பூத்த செடி, வந்த பறவை என்று நாள்தோறும் எழுதினார். அந்தப் படிவத்தை உருவாக்கியவர் டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற வழக்கறிஞர். அவருக்கும் தாமஸ் பென்னன்ட் என்ற விலங்கியலாளருக்கும் எழுதிய கடிதங்களின் தொகுப்பாகத்தான் 'செல்போர்னின் இயற்கை வரலாறும் தொல்பொருள்களும்' என்ற நூல் 1789 என்ற ஆண்டு குறிக்கப்பட்டு வெளிவந்தது. பென்னன்ட்டுக்கு 44 கடிதங்கள், பாரிங்டனுக்கு 66. எல்லாமே அஞ்சலில் போனவை அல்ல. ஊரை அறிமுகப்படுத்தும் முதல் ஒன்பதும் நூலுக்காகவே எழுதப்பட்டவை. தற்செயலாகத் திரண்ட நூல் என்று இதை நினைத்துவிடக் கூடாது. இருபது ஆண்டு உழைப்பில், வடிவம் பற்றிய தெளிவோடு கட்டப்பட்டது அது.

பென்னன்ட்டைப் பற்றி ஒரு செய்தி நமக்கு நெருக்கமானது. இலங்கையின் டச்சு ஆளுநராக 1750-களில் இருந்த லோட்டன், அங்கே பிறந்த டி பெவர் என்ற ஓவியரைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார். நம் தோட்டங்களில் வளைந்த நீள அலகோடு பூக்களைக் குடையும் லோட்டன் தேன்சிட்டு அந்த ஆளுநரின் பெயரைத்தான் சுமக்கிறது. அந்த ஓவியங்களை வைத்துப் பென்னன்ட் 1769-இல் 'இந்திய விலங்கியல்' நூலை வெளியிட்டார். செல்போர்ன் கடிதங்கள் வந்த அதே மேசைக்கு இலங்கைக் காடுகளின் ஓவியங்களும் வந்திருக்கின்றன. பென்னன்ட் உலகத்தைத் தன் மேசைக்கு வரவழைத்தார். வைட்டோ, ஒரு ஊரின் விலங்குகளை ஒருவர் முழுமையாக எழுதினாலே அது பெரிய வேலை என்று நம்பினார். பென்னன்ட்டின் நூல்களை இன்று ஆய்வாளர்கள் தேடிப் படிக்கிறார்கள். வைட்டின் நூல் நூற்றுக்கணக்கான பதிப்புகள் கண்டு, இன்றும் வாசகர்களின் கையில் இருக்கிறது.

உற்றுப் பார்ப்பது என்பது வைட்டுக்கு உற்றுக் கேட்பதும் எடைபோடுவதும்தான். அதுவரை ஒரே பறவை என்று எண்ணப்பட்ட இலைக் கதிர்க்குருவிகள் மூன்று தனி இனங்கள் என்பதை அவர் முதலில் பாட்டிலிருந்து கண்டுகொண்டார். உருவத்தில் மூன்றும் கண்ணை ஏமாற்றுபவை. ஒன்று இரண்டே ஸ்வரத்தை மாற்றி மாற்றித் தட்டும். ஒன்றின் பாட்டு மெல்ல இறங்கி ஓயும். மூன்றாவது உயர்ந்த பீச் மரங்களின் உச்சியில் சிலிர்ப்பதுபோல் ஒலிக்கும். 1768 ஆகஸ்ட் 17 கடிதத்தில் மூன்றையும் பிரித்து எழுதுகிறார். கதிர்த்தண்டுகளுக்கு இடையே பந்துபோலக் கூடு பின்னும் ஒரு சின்னஞ்சிறு எலியை அறிவியலுக்கு முதலில் அறிமுகப்படுத்தியதும் அவர்தான். அப்படி ஒரு கூட்டுக்குள் எட்டுக் குஞ்சுகள் இருந்தன, மேசைமேல் உருட்டினாலும் அது கலையவில்லை. வளர்ந்த எலிகள் இரண்டைத் தராசில் வைத்தால் ஒரு செப்பு அரைப் பென்னிக்குச் சரியாக இருந்தன. ஒன்றின் எடை ஐந்து கிராமுக்கும் குறைவு என்று நாம் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

ஆந்தைகள் எந்தச் சுருதியில் கூவுகின்றன என்று சுருதிக்குழலால் சோதித்தவர்களின் முடிவுகளைச் சேகரித்தார். பேச்சை ஓங்கி ஒலிக்கும் குழாயைத் தேனீக்கூட்டின் அருகில் வைத்துக் கத்திப் பார்த்தார். தேனீக்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தன. சசெக்ஸில் அவருடைய அத்தை வளர்த்த ஆமை, அத்தை 1780-இல் இறந்தபின் இவரிடம் வந்தது. பனிக்கால உறக்கத்திலிருந்தே தோண்டியெடுத்து 80 மைல் வண்டியில் கொண்டுவந்தார். டிமோதி என்று ஆண்பெயர் சூட்டப்பட்ட அந்த ஆமை உண்மையில் பெண். அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகிச் சாரமற்றுப் போகும் என்று 1777-இல் எழுதினார். மண்புழுவைப் பற்றி முழு நூல் எழுதிய டார்வின், 1881-இல் அதைக் குறிப்பிடுகிறார்.

அவர் தவறிய இடமும் உண்டு. தகைவிலான்கள் பனிக்காலத்தில் எங்கே போகின்றன என்ற கேள்வியில் கடைசிவரை அவருக்குத் தெளிவு வரவில்லை. ஜிப்ரால்டரில் பணியாற்றிய தம்பி ஜான், தகைவிலான்கள் நீரிணையைக் கடப்பதை நேரில் கண்டு எழுதியும், சிலவாவது ஊரிலேயே பொந்துகளில் உறங்கிக் கிடக்கும் என்ற எண்ணத்தை வைட் கைவிடவில்லை. ஆட்களை வைத்து ஹேங்கரின் புதர்வேர்களைத் தேடச் சொன்னார். எதுவும் கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதையும் எழுதிவைத்தார். தம்பியின் சாட்சியத்தைவிடத் தன் கண்ணையே நம்பிய மனிதருக்கு ஊர் எல்லைக்கு அப்பால் நடப்பது மங்கலாகவே தெரிந்திருக்கிறது. சிறிய இடத்தின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன.

1783 கோடை இதற்கு இன்னொரு சாட்சி. ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை விசித்திரமான ஒரு புகைமூட்டம் ஊரை மூடிக் கிடந்தது என்று வைட் தேதியோடு எழுதுகிறார். நண்பகல் சூரியன் மேகத்தில் மறைந்த நிலவுபோல் வெளிறி, தரையில் துருநிற ஒளியை வீசியது. வெட்டிய இறைச்சி மறுநாள் உண்ணத் தகாமல் கெட்டது. ஈக்கள் பெருகிக் குதிரைகளை வெறிகொள்ளச் செய்தன. நாட்டுப்புற மக்கள் சூரியனைப் பார்த்து அஞ்சினார்கள். அதற்குக் காரணமான ஐஸ்லாந்தின் லாகி எரிமலைப் பிளவு ஜூன் 8-ஆம் தேதி வாய்திறந்திருந்தது. கந்தகப் புகை ஐரோப்பா முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. அந்தக் கோடையை ஆராயும் இன்றைய அறிவியலாளர்கள் வைட்டின் பக்கங்களைத் தவறாமல் புரட்டுகிறார்கள். காரணம் தெரியாதவரின் தேதிகள், காரணம் தெரிந்தவர்களுக்கு இன்று பயன்படுகின்றன.

சுற்றுவட்டாரத்தை விரைவாகக் கடந்துவிடலாம். தெற்கே ஹாக்லியில் 1774 மார்ச்சில், பெருமழைக்குப் பின் ஒரே இரவில் மலைச்சரிவு பெயர்ந்து இறங்கியது. வடக்கே, நடக்கும் தூரத்தில், ஜேன் ஆஸ்டின் 1809 முதல் வாழ்ந்து எழுதிய சாட்டன். கிழக்கே மணலும் ஹெத்தர் புதரும் பெரணியும் நிறைந்த வுல்மர் வனம். வைட் காலத்தில் வனம் என்பது பெயரளவில்தான், அங்கே ஓங்கி நின்ற மரம் ஒன்றுகூட இல்லை. வெயில் நேரத்தில் அங்குள்ள குளத்தில் மாடுகள் வயிறளவு நீரில் நின்று இளைப்பாறும். அவை இடும் சாணத்தில் பூச்சிகள் முட்டையிடும், பூச்சிகளை மீன்கள் உண்ணும். ஒரு விலங்கின் ஓய்வு இன்னொன்றின் உணவாகிறது என்று வைட் அதை விளக்குகிறார். சூழலியல் என்ற சொல்லே பிறக்காத காலத்தில் எழுதியது. 19-ஆம் நூற்றாண்டிலிருந்து வுல்மர் இராணுவப் பயிற்சி நிலம். வீடுகளும் தோப்புகளும் எழும்பாததால் திறந்த மணல்வெளி அங்கே பிழைத்துக் கிடக்கிறது.

ஊரின் ஏழைகளைப் பற்றி வைட் எழுதியதில் கோரைத் திரி பற்றிய 1775-ஆம் ஆண்டுக் கடிதத்துக்கு ஈடானது வேறில்லை. கோடையில் ஓடைக்கரையில் கோரை வெட்டி, காயாமல் நீரில் போட்டுவைத்து, தோலை உரிப்பார்கள். உள்ளே இருக்கும் சோறு உதிராமல் நிற்க மேலிருந்து கீழ்வரை ஒரே ஒரு மெல்லிய நார் விட்டு உரிக்கவேண்டும். கண் முற்றிலும் தெரியாத ஒரு மூதாட்டி அதை விரல்நுனியால் பிசகாமல் செய்ததை வைட் கண்டிருக்கிறார். உரித்த கோரையைச் சில இரவுகள் புல்வெளியில் பனியில் கிடத்தி, வெயிலில் உலர்த்தி, கொதிக்கும் கொழுப்பில் தோய்த்தெடுத்தால் விளக்கு. சிக்கனமான வீடுகளில் பன்றி இறைச்சி வேகும் பானையின் மேலாடைக் கொழுப்பே போதும்.

பிறகு வைட் தராசை எடுக்கிறார். ஒரு பவுண்டு உலர்ந்த கோரையில் 1600-க்கும் மேற்பட்ட தண்டுகள். அதற்கு ஆறு பவுண்டு கொழுப்பு. செலவு மூன்று ஷில்லிங். இரண்டடி நான்கரை அங்குல நீளமுள்ள ஒரு தண்டு 57 நிமிடம் எரிந்தது. சராசரி அரைமணி நேரம் என்று வைத்தாலும் 800 மணிநேர வெளிச்சம். ஒரு ஃபார்த்திங்குக்கு, அதாவது கால் பென்னிக்கு, ஐந்தரை மணிநேரம். ஆனால் பரம ஏழைகள் மாலைதோறும் அரைப் பென்னிக்கு ஒரு மெழுகுவர்த்தி வாங்குகிறார்கள். காற்று புகும் அவர்கள் வீட்டில் அது இரண்டு மணிநேரம்தான் எரியும். அதே காசுக்கு 11 மணிநேர வெளிச்சம் கிடைத்திருக்கும். இதை அவர்களின் சிக்கனக் குறைவு என்கிறார் வைட். இங்கே அவரோடு நான் உடன்படவில்லை. மூன்று ஷில்லிங்கை மொத்தமாக ஒருபோதும் கையில் பார்க்காதவர் தினமும் அரைப் பென்னிக்குத்தான் வாங்க முடியும். ஏழைக்கு எதுவும் சில்லறையில்தான் கிடைக்கிறது, சில்லறை விலை எப்போதும் கூடுதல். இந்தக் காரணத்தை அவர் எட்டவில்லை. ஆனால் அதை எட்டத் தேவையான எல்லா எண்களையும் தந்திருக்கிறார்.

1783 அக்டோபரில் எடுத்த கணக்கின்படி ஊர்எல்லைக்குள் 136 குடியிருப்புகள், 676 பேர். ஊரின் ஏழைகளில் பலர் உழைப்பாளிகள், நல்ல கல்வீடுகளில் ஓரளவு வசதியாக வாழ்கிறார்கள் என்று வைட் எழுதினார். அவர் இறந்து 37 ஆண்டுகள் கழித்து, 1830 நவம்பரில், தென் இங்கிலாந்து முழுவதும் கூலித் தொழிலாளர்கள் கிளர்ந்தார்கள். கதிரடிக்கும் இயந்திரங்கள் பனிக்கால வேலையைப் பறித்திருந்தன. கூலி வயிற்றுக்குப் போதவில்லை. நவம்பர் 22 அன்று செல்போர்னில் திரண்ட கூட்டம், விவசாயிகளிடம் பெறும் தசமபாகத்தைக் குறைக்கும்படி குருவானவரை நெருக்கி ஒப்பமிட வைத்தது. அதைக் குறைத்தால்தான் விவசாயிகள் கூலியை உயர்த்த முடியும் என்பது வாதம். ஏழைகள் விடுதியைத் தாக்கினார்கள். மறுநாள் அடுத்த ஊரான ஹெட்லியின் விடுதிக்கும் அதே கதி. டிசம்பரில் வின்செஸ்டரில் சிறப்பு நீதிமன்றம் கூடியது. கிளர்ச்சியில் சேர்ந்தவர்கள் சிலர் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள்.

உழவாரன்களில் பாதி தேவாலயத்திலும் பாதி ஏழைகளின் இறவாணத்திலும் கூடு வைத்தன என்ற வரியை 1830-ஐ அறிந்தபின் படிக்கும்போது அதன் கனம் வேறாகிவிடுகிறது. அந்த இறவாணங்களை அத்தனை ஆண்டுகள் அண்ணாந்து பார்த்தவர், அவற்றுக்குக் கீழே குடியிருந்தவர்களை எண்ணினார், அவர்களின் விளக்கை எடைபோட்டார். அதற்கு மேல் போகவில்லை. அதற்காக அவரை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்துக் குருமார்களில் ஏழையின் விளக்கு எத்தனை நிமிடம் எரிகிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

தேவாலய முற்றத்தில் வைட் 23 அடி சுற்றளவு என்று அளந்த பழம்பெரும் யூ மரம் 1990 ஜனவரி 25 புயலில் வேரோடு சாய்ந்தது. தூக்கி நிறுத்தியும் தழைக்கவில்லை. வேக்ஸ் வீடு இப்போது அருங்காட்சியகம். உழவாரன்கள் இன்னும் வருகின்றன. ஜான் லாட்டன், ராபர்ட் மே என்ற இரு உயிரியலாளர்கள் 1983-இல் மறுபடி எண்ணியபோது 12 ஜோடி இருந்தன. இருநூறு ஆண்டுகளில் ஊரே மாறியும் கணக்கு பெரிதாக மாறவில்லை. எண்ணிக்கையை எது இப்படிக் கட்டிவைக்கிறது என்ற கேள்வியோடுதான் அவர்களும் ஊருக்குள் வந்தார்கள். பிரிட்டன் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலை வேறு. 2021-இல் உழவாரன் அந்நாட்டின் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. பழுதுபார்த்த கூரைகளிலும் புதிய வீடுகளிலும் அது நுழைய இடுக்கு இல்லாமல்போனது ஒரு காரணம்.

வைட்டின் கேள்விக்கு விடையின் ஒரு துண்டு அவர் கைக்கே வந்திருக்கிறது. 1781 ஆகஸ்ட் தொடக்கத்தில் மற்ற உழவாரன்கள் எல்லாம் போய்விட்டன, ஒரு ஜோடியைத் தவிர. இரண்டு மூன்று நாளில் அதுவும் ஒற்றைப் பறவையானது. குஞ்சு இருந்தாலொழிய இப்படித் தங்காது என்று ஊகித்து வைட் காத்திருந்தார். 24-ஆம் தேதி, தேவாலயத்தின் இறவாண இடுக்கிலிருந்து இரண்டு குஞ்சுகள் வெள்ளைத் தாடையை வெளியே நீட்டின. 27 வரை தெரிந்தன. பிறகு காணவில்லை. 31-ஆம் தேதி ஆளை ஏற்றி இறவாணத்தைத் தேடச் சொன்னார். கூட்டுக்குள் இறகு முளைக்காத இரண்டு குஞ்சுகள் அழுகிக் கிடந்தன. அவற்றின் மேலேயே இரண்டாவது கூடு கட்டப்பட்டிருந்தது.